மும்பையில் செவிலியராக வாழ்ந்து மறைந்த எங்கள் ஆச்சியைப் பற்றி நினைவு மலரில் எதை எழுதுவது?

சயான் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி கடந்த டிசம்பரில் தம்முடைய எண்பத்து நான்காம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வரும் டிசம்பரில் எங்கள் தமிழ்ச் சபையில் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை நடக்கவிருக்கிறது. அதற்காக நான்கு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம். வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு பக்கமும், அதை ஆராதனையில் வாசிப்பதற்கு ஐந்து நிமிடமும் போதகர் ஒதுக்கியிருக்கிறார். பேரப்பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் வரைவை ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன். நாசரேத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார், அறுபதுகளின் தொடக்கத்தில் தாராவித் தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்த தம் அண்ணனுடன் பம்பாய்க்கு வந்தார், செவிலியர் பயிற்சி பெற்றார், மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார், மில் தொழிலாளியை மணந்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார், ஓய்வு பெற்றார். இதைப் படித்த என் தங்கை, “இது ஆச்சியா, ரேஷன் அட்டையா?” என்று கேட்டாள். அத்தையோ “தியாகத்தின் திருவுருவம்”, “வெள்ளுடை தேவதை” என்று இரண்டு வரி சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அவற்றைச் சேர்த்த பிறகு அது ஆச்சியை விட்டு இன்னும் தூரமாகப் போய்விட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஆச்சி வீட்டை ஆண்ட ஆச்சி. எந்தக் கல்யாணமும், எந்தப் பள்ளிச் சேர்க்கையும், ஊரில் உள்ள வீட்டின் ஓடு மாற்றுவதும்கூட அவரைக் கேட்காமல் நடந்ததில்லை. கட்டில் விரிப்பின் மூலைகளை உறைபோல மடித்து மெத்தைக்கு அடியில் செருகாத பேரப்பிள்ளைக்குக் காலைக் காப்பி கிடைக்காது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஒரு நோட்டில் கட்டம் போட்டு, வீட்டிலிருந்த ஏழு பேரின் காய்ச்சல் அளவையும் நாடித் துடிப்பையும் காலையிலும் மாலையிலும் தம் கையாலேயே குறித்துவைத்தார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஆனால் இந்தப் பழக்கங்கள் எல்லாம் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அந்த இடத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது சில பொருள்கள் கிடைத்தன. ஒரு பித்தளைப் பதக்கம், சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் ஒரு சிறிய கடிகாரம், ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய மணியார்டர் ரசீதுகள், இருபது பதிவுகள் கொண்ட ஒரு பிரசவப் பதிவு நோட்டு, பிறகு ஒரு பக்கம் தமிழ்ச் சொற்களும் எதிர்ப்பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே மராத்திச் சொற்களும் எழுதிய ஒரு பழைய நோட்டு. இவற்றிலிருந்து ஒரு வாழ்க்கையை எப்படி வாசிப்பது? அவருடைய வேலையைப் பற்றி இனி யாரிடம் கேட்பது?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சித்தப்பா பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனபோது, ஆச்சி அவருடன் ஓராண்டு முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பத்தில் அனைவருக்கும் தெரிந்த இந்தச் செய்தியைச் சொல்லாமல் அவர் குணத்தை எழுத முடியுமா என்று யோசிக்கிறேன்.


ஓய்வுபெற்ற சிஸ்டர், செம்பூர் எழுதியது:

தம்பி, நானும் இந்த நகரத்தின் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவள். உங்கள் ஆச்சியைவிடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இளையவளாக இருப்பேன். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

பதக்கம் என்பது பயிற்சி முடித்த அன்று பள்ளி கொடுப்பது. மாணவியாக இருக்கும்வரை அதைக் குத்த முடியாது என்பதால், அதற்காகவே மூன்றரை ஆண்டுகளைப் பொறுத்துக்கொண்டவர்கள் எங்களில் உண்டு. கடிகாரம் தலைகீழாகத் தொங்குவதற்குக் காரணம் எளியது. நோயாளியின் மணிக்கட்டை ஒரு கை பிடித்திருக்கும்போது குனிந்து பார்த்தால் முள் நேராகத் தெரிய வேண்டும்; அதோடு, கையில் எதையும் கட்டிக்கொண்டு புண்ணைத் தொடக் கூடாது.

உங்கள் ஆச்சியின் காலத்து வார்டை நீங்கள் கற்பனை செய்ய வேண்டுமானால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் அனைத்தையும் மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள். ஊசிக்குழல் கண்ணாடியால் ஆனது. இரவுப் பணியில் இருப்பவர் அவற்றைக் கொதிக்க வைத்து எடுத்து, ஊசி முனை ஒவ்வொன்றையும் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். முனை வளைந்திருந்தால் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும், அதைக் கல்லில் தீட்டிச் சரிசெய்ய வேண்டும். ரப்பர் கையுறைகளைக் கழுவி, உள்ளே காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்து, ஓட்டை இல்லாதவற்றை உலர்த்திப் பவுடர் போட்டு மறுபடியும் கிருமி நீக்கத்துக்கு அனுப்புவோம். சற்று ஓய்வு கிடைத்தால் அது ஓய்வல்ல, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை வெட்டி மடிக்கும் நேரம். வீட்டில் ஒரு பொருளையும் எறிய விடாத கிழவி என்று அவரை நீங்கள் கேலி செய்திருந்தால் (நிச்சயம் செய்திருப்பீர்கள்), அதன் ஊற்று இதுதான்.

அந்த இருமொழி நோட்டைப் பற்றிப் படித்தபோதுதான் என் கண் கலங்கியது. தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் வரும் தமிழ்ப் பெண்களுக்கு அந்நாளில் இந்தியோ மராத்தியோ தெரியாது. மருத்துவர் “எங்கே வலி?” என்று கேட்கும் அளவுக்கு வார்டு உதவியாளரான மாவ்ஷிகூட மொழிபெயர்த்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நம்மவர் வலி என்று மட்டும் சொல்வதில்லை; கடுக்கிறது, குடைகிறது, உளைகிறது, சுருக்கென்று குத்துகிறது, இழுத்துப் பிடிக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, காந்துகிறது என்பார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு உறுப்பையும் வேறு வேறு கோளாறையும் சுட்டக்கூடியவை. வயிறு பிடித்து இழுக்கிறது என்பவளையும் வயிறு காந்துகிறது என்பவளையும் ஒரே “துக்தே” என்ற மராத்திச் சொல்லில் அடக்கி எழுதினால் சிகிச்சை தடம் மாறிப்போகும். அதனால் பக்கத்து வார்டிலிருந்து “தமிழ் சிஸ்டரைக் கூப்பிடு” என்று ஆள் வரும். நம் வார்டு வேலையை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். இதற்கென்று தனிப் படியும் இல்லை, பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. உங்கள் ஆச்சி அந்தச் சொற்களை அகராதியாகவே எழுதி வைத்திருக்கிறார் என்றால், மலரில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடுங்கள். “வெள்ளுடை தேவதை” போக வேண்டிய இடம் அதனால் நிரம்பிவிடும்.

கட்டில் விரிப்பும் கௌரவத்துக்காக மடிப்பதல்ல. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அசையாமல் படுத்திருப்பவரின் தோல் அங்கேதான் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துத் தேய்த்து, விரிப்பை இழுத்துவிட வேண்டும். கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டதும், 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள் மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்டதும் நாடறிந்த செய்தி. 2011இல் அவர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது நாளிதழ்கள் கருணைக்கொலையைப் பற்றியே எழுதின. எங்களைப் போன்றவர்கள் வேறொன்றைக் கவனித்தோம்: அத்தனை ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவருக்குப் படுக்கைப் புண் இல்லை. அதன் விலை என்னவென்று விரிப்பு மடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணிக்குப் போகும் பெண் என்றால் அந்நாளில் நம் சமூகத்தில் முகம் சுளிப்பார்கள். பிறர் உடலையும் கழிவையும் தொடும் வேலை என்று பல வீடுகளில் பெண்களை அனுப்பாதபோது, கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்துதான் ஏராளமான பெண்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக வளர்ந்தது. அப்படியிருந்தும், சம்பளத்தை வாங்கிக்கொண்ட உறவினர்களே பெண் பார்க்கும் நேரத்தில் “நர்ஸா?” என்று இழுப்பார்கள். சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்தவளுக்குச் செவிலி என்று பெயர். அந்த அழகான பெயரை எங்களுக்குச் சூட்டியவர்கள், பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று நாங்கள் விடுதியில் பேசிச் சிரிப்போம்.

யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிருடன் இருப்பதற்கான சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும். இப்போது அதைக் கைப்பேசியிலேயே கொடுக்க வழி வந்துவிட்டாலும், பழைய சிஸ்டர்கள் பலர் ஒருவரையொருவர் பார்ப்பதற்காகவே நேரில் போகிறோம். ஆச்சியின் ஓய்வூதியக் கணக்கு இருந்த கிளைக்கு நவம்பர் முதல் வாரத்தில் போய் உட்காருங்கள்.


பரேல் பழையவன் எழுதியது:

சிஸ்டர் அம்மா எழுதியதற்கு மேல் வேலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் “தியாகம்” என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு.

மணியார்டர் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் கிடைத்த சிறு உதவித்தொகையிலிருந்தே அவர் ஊருக்கு அனுப்பத் தொடங்கியிருப்பார். விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்ததால் அது முடிந்தது. ஏழை வீட்டுப் பெண், பெற்றோருக்குச் செலவு வைக்காமல் ஒரு தொழிலைக் கற்று, மாநகராட்சியின் நிரந்தர ஊழியராகி, தம் பெயரில் சம்பளமும் ஓய்வூதியமும் பெற்றிருக்கிறார். தியாகி என்று எழுதினால், அவர் எதையோ இழந்தார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்கள். அவர் சம்பாதித்தார் என்று எழுதுங்கள்.

உங்கள் தாத்தா மில் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தை நான் பரேலில் இருந்து பார்த்தவன். தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தோம். பெரும்பாலோர் திரும்ப உள்ளே போகவே இல்லை. மில் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான எங்கள் சாலில் அந்த ஆண்டு பித்தளைக் குடம் விற்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரிசி வாங்கக் கடன் கேட்டு நாங்கள் போய் நின்ற கதவுகள் மனைவி ஆசிரியையாகவோ நர்ஸாகவோ இருந்த வீடுகளின் கதவுகள்தான். உங்கள் குடும்பத்தில் முடிவெடுக்கும் உரிமை ஆச்சியின் கைக்கு எப்போது வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டைத்தான் சொல்வார்கள் என்பது என் ஊகம். சித்தப்பா படிப்பை விட்டதும் ஏறக்குறைய அதே நேரமாக இருக்கலாம்.


சபை மூப்பர், மாட்டுங்கா எழுதியது:

அன்புள்ள தம்பிக்கு ஸ்தோத்திரம். ஆராதனையில் வாசிக்கும் குறிப்பு என்பதால், சபை தொடர்பாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆவணங்கள். ஆச்சி பிறந்த ஊர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது. பழைய சான்றிதழ்களில் மாவட்டப் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் ஊர்ச் சபையின் பதிவேட்டில் இருக்கும். அது 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. இங்குள்ள சபையோ 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையின்கீழ் வருவதாக இருக்கலாம். இடம் பெயர்ந்தவர்கள் ஊர்ச் சபை ஐயரிடமிருந்து (போதகரிடமிருந்து) ஒரு மாற்றுக் கடிதம் வாங்கிவந்து இங்கே கொடுப்பது வழக்கம். உங்கள் சபைச் செயலாளரிடம் பழைய கோப்புகளைக் கேட்டால், அவர் எந்த ஆண்டு, யாருடைய பரிந்துரையோடு இந்தச் சபைக்குள் வந்தார் என்பது ஒரே தாளில் கிடைக்கும்.

அடுத்தது, மூன்று வேளைப் பணிமுறையில் வேலை பார்த்த ஒருவர் சபைக்குத் தவறாமல் வந்தார் என்றால், அது எப்படி நடந்தது என்பதை எழுத வேண்டும். எங்கள் சபையிலும் அப்படிச் சில சிஸ்டர்கள் இருந்தார்கள். ஞாயிறு காலை இரவுப் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கிடைத்த மின்ரயிலைப் பிடித்து நேரே ஆராதனைக்கு வந்துவிடுவார்கள். பிரசங்க நேரத்தில் அவர்கள் தலை சாய்வதைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கிறிஸ்மஸ் இரவில் வார்டில் பணி கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையில், முந்தைய மாதம் மற்றவர்கள் தீபாவளிக்கு விடுப்பு எடுத்தபோது இவர்கள் நின்றதற்குக் கைம்மாறாக, கிறிஸ்மஸ் பகலைக் கேட்டு வாங்கியவர்களே அதிகம். அந்தக் கொடுக்கல் வாங்கலும் நல்ல செய்திதான், மறைக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுப்பார்கள். பம்பாய்க்கு வந்தபின் ரேஷன் அரிசியிலும் அந்தப் பழக்கத்தை விடாதவர்களை நான் அறிவேன். உங்கள் வீட்டு அடுப்படியில் அப்படி ஒரு டப்பா இருந்ததா என்று அத்தையிடம் கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் புரட்டுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் எதைக் கொடுத்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது பேதுருவைச் சூழ்ந்துகொண்ட விதவைகள் அவளுடைய குணங்களை அடுக்கிப் பேசவில்லை. அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். உங்கள் பெட்டியில் உள்ள பொருள்களை ஆராதனை நாளன்று ஆலய வாசலில் ஒரு மேசையில் வைத்துவிட்டு, குறிப்பில் அவற்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்பது என் ஆலோசனை.


அண்டாப்ஹில் அக்கா எழுதியது:

சித்தப்பா விஷயத்தை மலரில் போடாதீர்கள் தம்பி. அது தாய்க்கும் மகனுக்கும் இடையில் உள்ளது. மலர் இருநூறு வீடுகளுக்குப் போகும், அவர் அடுத்த ஞாயிறும் அதே ஆலயத்துக்குத்தான் வர வேண்டும்.


சயான் பேரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் பலவும் நடந்துவிட்டன.

ரசீதுகளை அடுக்கினோம். பரேல் ஐயா சொன்னதுபோலவே 1982இல் ஓர் இடைவெளி தெரிகிறது. அதுவரை மாதந்தோறும் ஊருக்குச் சென்ற பணம் அந்த ஆண்டு மார்ச் மாதத்தோடு நிற்கிறது. பதினாறு மாதங்கள் கழித்து, முன்பு அனுப்பியதில் பாதித் தொகையுடன் மறுபடி தொடங்குகிறது. இதைப் பார்த்த அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. அரிசி டப்பாவைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். போர்ன்விட்டா டப்பா ஒன்று இருந்ததாம், தாத்தாவுக்கு வேலை போன காலத்திலும் அதில் அரிசி விழுந்ததாம். “அதற்காக நான் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்” என்றார். “தியாகத்தின் திருவுருவம்” என்ற வரியை அவரே அடித்துவிட்டார்.

நவம்பர் நான்காம் நாள் வங்கிக்குப் போனேன். முதல் இரண்டு மணி நேரம் யாரும் கிடைக்கவில்லை. பிறகு மூன்று மூதாட்டிகள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் ரத்னகிரி பக்கத்து மராத்தியர், இருவர் மலையாளிகள். ஆச்சியின் பெயரைச் சொன்னபோது அவர்களுக்குப் பிடிபடவில்லை. படத்தைக் காட்டியதும், “அரே, தமிழ் சிஸ்டர்!” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அதிகம் இல்லை போலிருக்கிறது.

அவர்களில் மராத்தி அம்மையார் சொன்ன ஒரு செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில் ஆச்சி ஓர் இரவுப் பணிக்கு இரவுப் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாராம். அதை மராத்தியில் நிரப்பித் தரும்படி இந்த அம்மையாரைக் கேட்டு, விடியற்காலையில் சான்றொப்பத்தை மருத்துவர் ஒருவரிடம் வாங்கினாராம். பெயர், சித்தப்பாவின் பெயர். மகனுடன் பேசாமல் இருந்த அதே ஆண்டு. சித்தப்பா இரவுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் தம்மை அங்கே சேர்த்தவர் தாத்தா என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்தவரும் தாத்தாதான்.

அண்டாப்ஹில் அக்கா சொன்னபடி நான் இதை மலரில் சேர்ப்பதாக இல்லை. ஆனால் சித்தப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, பேசாமல் இருந்ததையும் விண்ணப்பத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றும், ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதினால் இரண்டுமே பொய்யாகிவிடும் என்றும் சொன்னார். ஐந்து நிமிடத்தையும் அவரே வாசிக்கப் போகிறார்.

மூப்பர் ஐயா சொன்ன மேசையையும் வைக்கிறோம். பதக்கம், கடிகாரம், இருமொழி நோட்டு, அரிசி டப்பா (டப்பா கிடைத்துவிட்டது, அத்தை அதில் பொத்தான் போட்டு வைத்திருந்தார்). பிரசவப் பதிவு நோட்டைத் திறந்து ஒரு பக்கம் தெரியும்படி கண்ணாடிக்குக் கீழே வைக்கலாம் என்று இருக்கிறேன். சிஸ்டர் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு சந்தேகம். எல்லாப் பதிவுகளிலும் குழந்தையின் எடை எழுதியிருக்கிறது. பதினேழாம் பதிவில் மட்டும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது. எடைக் கருவி பழுதாகியிருக்குமோ?


ஓய்வுபெற்ற சிஸ்டர், செம்பூர் எழுதியது:

தம்பி, எடைக் கருவி பழுதாகியிருந்தால் அதைக் குறிப்பாக எழுதியிருப்பார். எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். அதே வரிசையில் குழந்தை அழுத நேரம் என்ற கட்டத்தையும் பாருங்கள். அங்கும் கோடுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பயிற்சி மாணவியாக இருந்த உங்கள் ஆச்சிக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது இருக்கும். எங்களுக்கு இருபது பிரசவங்களைப் பார்த்து எழுதினால்தான் தேர்வுக்கு அனுமதி. அதனால் அந்தப் பதிவைக் கிழித்துவிட்டு வேறொன்றை எழுதவும் முடியாது, அடுத்த நாள் பதினெட்டாம் பிரசவத்துக்கு நிற்காமல் இருக்கவும் முடியாது.

நோட்டைத் திறந்து வைக்க வேண்டாம். அதில் இருபது தாய்மாரின் பெயர்களும் ஊரும் வயதும் இருக்கின்றன. தாராவிப் பெண்களாக இருந்தால் அவர்களில் சிலருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உங்கள் சபையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். பணியில் அறிந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று விளக்கைக் கையில் ஏந்தி நாங்கள் உறுதிமொழி எடுத்தோம். அவர் வீட்டில் வார்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று முதல் பதிவில் நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள்; அதற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மேசையில் நோட்டை மூடியே வையுங்கள். அட்டையில் அவர் பெயரும் பயிற்சி எண்ணும் இருக்கும் அல்லவா, அது தெரிந்தால் போதும்.